வெலிமடை மேட்டில் மாமாவின் சைக்கிள்

நுவரெலியாவில் வெலிமடை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது என் பையில் மாமிக்காக வாங்கிய மஸ்கட் பொட்டலம் ஒன்று இருந்தது. மனதில், மாமி தொலைபேசியில் ஒப்படைத்திருந்த வேலை ஒன்றும் இருந்தது.

"மகள், நாங்க செல்லி அவங்க கேக்கிறல்ல. நீங்க படிச்ச புள்ள, வந்து செல்லுங்க. அந்த சைக்கிள வித்துப் போடட்டும்."

'அவங்க' என்றால் என் மாமா. உம்மாவின் தம்பி. வயது 69. வெலிமடையை அடுத்த குருத்தலாவையில் போஞ்சியும் கிழங்கும் பயிரிட்டு நான்கு பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். நாற்பது வருடங்களாகச் சைக்கிள்தான் அவருடைய வாகனம். போன வருடம் கிளினிக்கில் எடுத்த ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுவது தெரியவந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சைக்கிள் பற்றி ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்லத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்!

ஹக்கலையில் ஒரு மரப்பட்டை

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று மலைகளைச் சுற்றிச் சுற்றிக் கிழக்கே செங்கலடி வரை போகும் நெடுஞ்சாலை இது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெலிமடை ஆயிரம் மீட்டர் அளவில்தான். ஆகவே வழி முழுக்க இறக்கம். காது அடைக்கிறது; பக்கத்துச் சீட்டில் தூங்கும் அம்மா நம் தோளில் வந்து சாய்கிறார்.

ஹக்கலை வரை பனிமூட்டம். அதைத் தாண்டியதும் யாரோ திரையை விலக்கியதுபோல் வெயில். தென்மேற்குப் பருவ மழையை உயர்ந்த மலைகள் அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தப் பக்கத்துக்கு வருவது காய்ந்த கச்சான் காற்று மட்டுமே. ஊவாத் தேயிலையின் தனி வாசனைக்கு அந்தக் காற்றும் ஒரு காரணம்.

ஹக்கலையில் உள்ள பூந்தோட்டத்தை நம்மில் பலர் பிள்ளைகளோடு பார்த்திருப்போம். ஆனால் 1861ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது பூவுக்காக அல்ல; சிங்கோனா மரம் வளர்ப்பதற்காக. மலேரியாக் காய்ச்சலுக்கான குயினின் அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் கிடைத்தது.

அந்தப் பட்டைக்கும் மாமாவின் நோய்க்கும் ஓர் உறவு உண்டு. 1912இல் வெங்கபாக் என்ற இதய வைத்தியரிடம் ஹொலாந்து நாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். தாறுமாறாக ஓடும் தன் நாடியைக் குயினின் சாப்பிட்டுத் தானே சரிப்படுத்திக்கொள்வதாக அவர் சொன்னார். வைத்தியர் அதைத் தட்டிவிடவில்லை, சோதித்துப் பார்த்தார். 1918இல் ஃபிரே என்ற வைத்தியர், அதே பட்டையில் உள்ள குயினிடின் என்ற பொருள் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கண்டார். துடிப்பைச் சீராக்கும் மருந்துகளில் அது முன்னோடி. இன்று அதை அபூர்வமாகவே கொடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த மருந்தே சிலருக்கு ஆபத்தான துடிப்பை உண்டாக்கியது. வைத்தியர் சொல்லாமல் எதையும் விழுங்கக் கூடாது என்பதற்கு அந்தத் தோட்டமே சாட்சி.

மரக்கறி நாடு

பஸ் கெப்பெட்டிப்பொலையைத் தாண்டுகிறது. 1818இல் வெள்ளையருக்கு எதிராக ஊவா எழுந்தபோது அதற்குத் தலைமை தாங்கி, அவ்வருடம் நவம்பர் 26ஆம் தேதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்ட திசாவையின் பெயரைத் தாங்கிய ஊர். இப்போது அங்கே மரக்கறிச் சந்தையின் இரைச்சல். கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, தக்காளி என்று மூட்டை மூட்டையாக லொறிகளில் ஏறுகின்றன. கொழும்பில் நாம் பேரம் பேசி வாங்கும் கிழங்கில் நல்ல பங்கு இந்த மண்ணில் விளைந்தது. ஒரு போகம் நெல், மறு போகம் கிழங்கு என்று மாறி மாறி விளையும் வயல்கள் படிப்படியாக உமா ஓயாவை நோக்கி இறங்குகின்றன.

வெலிமடை டவுனிலிருந்து பொரலந்தைப் பக்கம் ஏறும் பாதையில் குருத்தலாவை. பெரும் யுத்த காலத்தில், 1942இல் தொடங்கிய புனித தோமையார் கல்லூரியால் வெளியூர்க்காரருக்கு இந்தப் பெயர் தெரியும். நமக்கோ இது பள்ளிவாசலும் மத்ரசாவும் சொந்தபந்தமுமாக நிறைந்த ஊர். நான் போய் இறங்கும்போது அஸருக்கு பாங்கு சொன்னார்கள். கடைத்தெரு முனையில், தலையில் தொப்பியும் கையில் சைக்கிளுமாக மாமா நின்றார். என் பையை வாங்கிக் கேரியரில் வைத்துக் கட்டினார். ஓட்டவில்லை, உருட்டிக்கொண்டே என்னோடு நடந்தார்.

மாமியின் பயம்

இரவு இடியப்பமும் கோழிக் கறியும் சாப்பிட்டு முடித்தபின், குசினி அடுப்பருகே மாமி மனம் திறந்தார்.

"பயமா ஈக்கி மகள். என்ட நானாவ யோசிச்சுப் பாருங்க."

மாமியின் நானா கல்லுப் போல் இருந்தவர். ஒருநாள் கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு பக்கக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சுப் போனது. ஐந்து வருடங்கள் கட்டிலிலேயே கிடந்து மௌத்தானார். அவருக்கும் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்ததென்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சொன்னார்கள். அதற்கு முன் யாரும் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்ததில்லை.

"அவங்களும் அப்பிடிப் போனா நான் தாங்க மாட்டேன். வீட்டோட இருக்கட்டும். கதிரயில குந்தி தஸ்பீஹ் எண்ணட்டும்" என்றார் மாமி.

நியாயமாகத்தான் பட்டது. காலையில் பேசிவிடலாம் என்று படுத்தேன்.

மதகில் ஒரு ரகசியம்

சுபஹுக்குப் பின், பனி கலைந்ததும் மாமா கிளம்பினார். நானும் கூட நடந்தேன். தட்டைப் பாதையில் அவர் ஓட்டினார். மேடு வந்ததும் இறங்கிக்கொண்டார். எதிரே, தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலர் வேலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்கட கால பாருங்க மகள்" என்றார் மாமா. "வாழ்நாள் முழுக்க மலை ஏறுறாங்க. ஒருத்தரும் ஓடுறல்ல. சின்ன எட்டு, ஒரே சீர். நான் இத எழுபது வயசு வரப்போகக்குள்ளதான் படிச்சேன்."

"ஏன் மாமா, இப்ப என்ன நடந்தது?"

பாதையோர மதகில் உட்கார்ந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். இரண்டு மாதங்களுக்கு முன், ஜமாஅத் தவறிவிடும் என்று இதே மேட்டில் சைக்கிளை விட்டு இறங்காமல் மிதித்திருக்கிறார். பாதி வழியில் நெஞ்சுக்குள் கோழி சிறகடிப்பதுபோல் இருந்ததாம். கண் இருண்டது. எப்படியோ இறங்கி இந்த மதகில் சாய்ந்தார். தோட்டத்துப் பெண்கள் தண்ணீர் கொடுத்து, ஆள் தெளியும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

"டொக்டர்ட்ட சென்னீங்களா?"

"இல்ல."

"மாமிட்ட?"

"சென்னா சைக்கிளத் தூக்கி ஓயாவுல போட்டுருவா. நீங்களும் செல்ல வாணாம்."

அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமியின் பயம் மாமாவை வீட்டில் இருத்தவில்லை, மறைக்கத்தான் பழக்கியிருந்தது. சைக்கிளைவிட ஆபத்தானது அந்த மறைப்பு. "நான் செல்ல மாட்டேன் மாமா. நீங்கதான் செல்லணும். இன்டைக்கே" என்றேன்.

மஃரிபுக்குப் பின் அவர் சொன்னார். மாமி கத்தவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே நெடுநேரம் இருந்துவிட்டு, "நாளைக்கே கிளினிக் போவோம்" என்றார்.

டொக்டர் சொன்ன தீர்ப்பு

கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். மாமா சொன்னதை முழுவதும் கேட்டார். "மயக்கம் வருமாப் போல இருந்தால் அதை ஒருபோதும் மறைக்கக் கூடாது. பரிசோதனைகள் முடியும்வரை சைக்கிள் வேண்டாம்" என்றார். மாமியின் முகத்தில் வெற்றி! ஆனால் அடுத்த வார்த்தை வேறாக இருந்தது. "முடிந்த பிறகு பார்க்கலாம். நடப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்."

பிறகு ஒரு தாளில் படம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். இதயத்துக்கு நான்கு அறைகள். மேலறையில் பிறக்கும் ஒரு சிறு மின்தூண்டல்தான் முழு இதயத்தையும் தாளம் தப்பாமல் துடிக்க வைக்கிறது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற இந்த நோயில் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அதனால் இரத்தம் அங்கே தேங்கி உறையலாம். அந்த உறைகட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவருக்கு அந்த ஆபத்து மற்றவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும்.

மாமி மெதுவாகக் கேட்டார். "அப்ப என்ட நானாவுக்கு அந்த மாத்திரை கெடச்சிருந்தா...?"

டொக்டர் பதில் சொல்லாமல் மாமியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "உங்களுடையது சீராக இருக்கிறது, அம்மா. ஆனால் பிரஷர் கூட. நீங்கள் எப்போது கடைசியாக ஒரு மைல் நடந்தீர்கள்?" என்றார். மாமி சிரித்துவிட்டார். மாமாவை வீட்டில் இருத்த வந்தவருக்கே நடக்கச் சொல்லி உத்தரவாயிற்று!

மிகையும் குறையும்

ஊர் திரும்பியபின் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லெனார்ட் ஸின் என்றொருவர். அந்நாட்டுத் தேசிய அணியில் சைக்கிள் ஓட்டியவர். 2013இல், ஐம்பதுகளின் நடுவில் இருந்தபோது, மலை ஏறுகையில் அவருடைய இதயத் துடிப்பு தாறுமாறானது. அவர் கடும் பயிற்சியை விட்டார், சைக்கிளை விடவில்லை. 2017இல் இன்னும் இருவருடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த இருவரில் ஒருவரான ஜோன் மண்ட்ரோலா, இதயத் துடிப்புக்கென்றே வைத்தியம் செய்பவர். சைக்கிள் ஓட்டும் அவருக்கும் இதே நோய் வந்தது.

சுவீடனில் 90 கிலோமீட்டர் தூரம் பனியில் சறுக்கி ஓடும் ஒரு போட்டி உண்டு. அதில் கலந்துகொண்ட 52,755 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகமான போட்டிகளில் ஓடியவர்களுக்கும், மிக வேகமாக ஓடியவர்களுக்கும் துடிப்புக் கோளாறு அதிகமாக இருந்தது. மறுபுறம், நோர்வேயில் இந்த நோய் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல வருடங்கள் கவனித்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. அளவாக உடலை அசைத்து வாழ்ந்தவர்கள், அசையாமல் இருந்தவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள்.

அளவு மீறுவதும் தீங்கு, அடங்கிக் கிடப்பதும் தீங்கு. நடுநிலையை நமக்குப் போதித்த மார்க்கத்தில் பிறந்த நாம் இதை வேறு யாரிடமும் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை!

மேட்டுக்கு ஒரு சட்டம், பள்ளத்துக்கு ஒரு சட்டம்

ஐந்து வாரங்கள் கழித்து மாமி தொலைபேசி எடுத்தார். பரிசோதனைகள் முடிந்து, மருந்தின் அளவை மாற்றி, டொக்டர் சைக்கிளுக்கு அனுமதி கொடுத்துவிட்டாராம். ஆனால் நிபந்தனைகளோடு. மாமி அவற்றை மனப்பாடமாக ஒப்பித்தார்.

மேட்டில் இறங்கி உருட்ட வேண்டும். கியர் உள்ள சைக்கிளாக இருந்தால் நல்லது. ஓட்டும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். துடிப்பு ஒழுங்கில்லாதபோது அது பிழையாகக் காட்டலாம். மூச்சுத்தான் சரியான கடிகாரம்.

கிளம்பியதும் வேகம் கூடாது. முதல் பத்து நிமிடம் மெதுவாக. முடிக்கும்போதும் சட்டென்று நிறுத்தாமல் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். கடும் பனிக் குளிரில் போகக் கூடாது. நெஞ்சு வலி, தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் என்றால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பள்ளத்துக்கான சட்டம் இன்னும் முக்கியம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம். ஆகவே பிரேக் சரியாக இருக்க வேண்டும், ஹெல்மட் போட வேண்டும். தலையில் சிறு அடி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துகளின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டு சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

"ஹெல்மட்டுக்குள்ள தொப்பி போட ஏலுமாம் மகள், நான் போட்டுப் பாத்துட்டேன்!" என்றார் மாமி.

குசினியில் நம் பங்கு

சகோதரிகளே, இந்த நோயில் நம் கையில் இருப்பது கொஞ்சமல்ல. மாமா எடுப்பது வாஃபரின். கீரை, கோவா போன்ற பச்சை இலை வகைகளில் உள்ள 'கே' விட்டமின் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகக் கொடுத்தால் போதும். தோட்டத்தில் கோவா மலிந்தது என்று ஒரு வாரம் மூன்று வேளையும் கோவா, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் தொல்லை. இரத்தப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடக் கூடாது. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரையும், கருஞ்சீரகம் உட்பட மருந்தாக எடுக்கும் நாட்டு வைத்தியமும் டொக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகளும் இன்று உண்டு. ஆனால் வாதக் காய்ச்சலால் இதய வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய வாஃபரினே ஏற்றது.

ரமழான் வருமுன்பே டொக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரை ஸஹருக்கு, எது இஃப்தாருக்கு என்று அவரே மாற்றித் தருவார். தண்ணீர் குறைந்தால் துடிப்பு மேலும் குழம்பலாம். ஆகவே நோன்பு வைத்துக்கொண்டு சைக்கிள் வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையைப் பெற வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. வீட்டில் 65 வயது கடந்தவர் இருந்தால், அவர் உட்கார்ந்து இளைப்பாறிய பின், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உங்கள் இரு விரல்களை வைத்து அரை நிமிடம் நாடி பாருங்கள். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். ஒரே சீராக இல்லாமல் முன்னுக்குப் பின் முரணாகத் தட்டினால் பயப்படாமல் ஓர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். மாமியின் நானாவுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை.

சைக்கிள் இன்னும் விற்கப்படவில்லை. அஸருக்குப் பின் மாமா பள்ளியிலிருந்து திரும்பும் நேரம் மாமி அந்த மதகு வரை நடந்து போய் நிற்கிறாராம். அங்கிருந்து மேட்டுக்கு இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே வீடு வருகிறார்களாம்.

"பேச்சு அறுந்தா நிப்பாட்டணும் தானே மகள்! நான் பேச வெச்சுக்கொண்டே வாறேன்" என்றார் மாமி.

நம்மை நம்பித் தரப்பட்ட அமானிதம் இந்த உடம்பு. அதைப் பூட்டி வைத்தும் பாழாக்காமல், போட்டு அடித்தும் உடைக்காமல் பேணிக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.